மண்வெட்டி இல்லாதவனுக்கு ஊக்கப் பயிற்சி

உள்ளூராட்சி மன்றங்களிலே வேலை நடப்பதில்லை. அதற்குக் காரணம் இரண்டு என்று இப்பொழுது எல்லோரும் சொல்லப் பழகிவிட்டனர். ஊழியனுக்கு ஊக்கம் இல்லை என்பது ஒன்று. ஊழியனுக்குத் திறன் இல்லை என்பது மற்றொன்று. அமைச்சர் மேடையில் இதைச் சொல்கிறார். பத்திரிகைகள் தலையங்கம் தீட்டுகின்றன. முகாமைத்துவம் கற்ற அறிஞர் வினாக்கொத்தொன்றை அச்சிட்டுக் கந்தோர்களுக்கு அனுப்புகிறார். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களுள் ஒன்றுக்கு வட்டமிடுமாறு ஊழியரைக் கேட்கிறார். வந்த வட்டங்களைக் கூட்டிக் கழித்து, ஊக்கமும் திறனும் கூடினால் உற்பத்தித்திறனும் கூடும் என்னும் அரும்பெரும் உண்மையை வெளியிடுகிறார். இவர்கள் போகட்டும். முற்போக்கு எண்ணங்கொண்டோர் என்று தம்மைக் கருதிக்கொள்வோர் கூடும் ஆசிரியர் அறைகளிலும் இதே பேச்சுத்தான் கேட்கிறது. பிரதேச சபையின் தொழிலாளி மரநிழலிலே குந்தியிருப்பதைக் கண்டு அங்கும் சிரிக்கிறார்கள். அவன் ஏன் குந்தியிருக்கிறான் என்று கேட்பார் இல்லை.

ஊக்கமும் திறனும் வேலையைப் பாதிக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. மழை பெய்தால் வயல் நனையும் என்பதை மறுப்பார் யார்? நாம் கேட்பது வேறு. அந்த ஊக்கம் எங்கிருந்து வருகிறது? எவருடைய செயலால் அது அழிகிறது? திறன் என்று எதைச் சொல்கிறார்கள்? அதை அளக்கும் கோல் யாருடைய கையில் இருக்கிறது? இக்கேள்விகளை விட்டுவிட்டு, ஊழியனுடைய நெஞ்சுக்குள்ளே ஏதோ ஒரு திரி அணைந்து கிடப்பதுபோலவும், செயலமர்வு நடத்தி அதை ஏற்றிவிடலாம் என்பதுபோலவும் பேசுவது வெறும் அறியாமை அன்று. இந்தப் பேச்சினால் நன்மை அடைவோர் இருக்கிறார்கள்.

நாம் வாழும் கிளிவெட்டி மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் நெடுஞ்சாலையின் மீது கிடக்கிற விவசாய ஊர். மூதூர்ப் பிரதேசத்தைச் சேர்ந்தது. சுற்றிவர வயல், அப்பால் அல்லைக் குடியேற்றத் திட்டத்து நிலங்கள், தெற்கே வெருகல் ஆறு. இத்தகைய ஊருக்கு அரசாங்கம் என்றால் என்ன? கொழும்பிலுள்ள பாராளுமன்றம் வெகுதூரம். திருகோணமலைக் கச்சேரிக்குப் போவதென்றாலே ஒரு நாள் வேலை கெடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை துறைகடந்து ஓடமேறித்தான் நகருக்குப் போக வேண்டியிருந்தது. ஆகவே நாட்டுப்புறத்து மனிதன் தன் கண்ணால் காணும் அரசாங்கம் பெரும்பாலும் பிரதேச சபைதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் ஆகிய மூன்றையும், பொதுவாக மக்களின் நலத்தையும் வசதியையும் அச்சபைகளின் பொறுப்பில் விட்டது. கிறவல் வீதி, வடிகான், மதகு, தெருவிளக்கு, சந்தை, மயானம், நூலகம், முன்பள்ளி, கோடைகாலத்தில் பவுசரில் வரும் குடிநீர், நாள்தோறும் அள்ளப்பட வேண்டிய குப்பை எல்லாம் அதற்குள் அடங்கும். மனிதன் பிறந்த பின்பும் இறந்த பின்பும் அவனுக்கு வேண்டியவை என்று சுருங்கச் சொல்லலாம்.

இவற்றைச் செய்யும் கைகள் யாருடையவை?

இங்கே நாம் எந்த ஒரு சபையையும் சுட்டிப் பேசவில்லை. நாடெங்கும் உள்ள முறையையே சொல்கிறோம். ஒரு சபையிலே செயலாளர் இருப்பார். முகாமைத்துவ உதவியாளர் என்று இன்று அழைக்கப்படும் எழுதுவினைஞர் சிலர் இருப்பர். வருமானப் பரிசோதகர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், நூலகர், சாரதிகள் இருப்பர். அவர்களுக்குக் கீழே வேலைத்தளத் தொழிலாளரும் சுகாதாரத் தொழிலாளரும் உள்ளனர். அவர்களுக்கும் கீழே 'அமைய', 'பதிலீட்டு', 'ஒப்பந்த' என்று பல பெயர்களில் வழங்கப்படும் ஒரு வகுப்பு உண்டு. பெயர் பல, பொருள் ஒன்று. இன்று வேலை உண்டு, நாளை இருக்குமென்று உறுதி இல்லை. வடிகானுக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பவன் பெரும்பாலும் இந்த வகுப்பைச் சேர்ந்தவன்தான்.

இவன் எப்படி வேலைக்கு வந்தான்? போட்டிப் பரீட்சை எழுதி வரவில்லை. தலைவருக்கோ உறுப்பினருக்கோ தெரிந்தவன் என்பதால் வந்தான். தேர்தலிலே சுவரொட்டி ஒட்டியதற்குக் கைம்மாறாக வந்தவனும் உண்டு. வீட்டிலே அடுப்பெரியாத கொடுமையால் பலர் காலைப் பிடித்து வந்தவனும் உண்டு. வந்த நாள் முதல் அவனுக்கு ஒரு பாடம் தெளிவாகக் கற்பிக்கப்படுகிறது: உன் வேலை நிலைப்பது உன் வேலையினால் அன்று. நன்றாக வடிகான் வெட்டினால் நிரந்தரம் கிடைக்கும் என்று எந்த விதியும் இல்லை. தலைவர் மாறினால் அவன் 'அந்தப் பக்கத்து ஆள்' ஆகிவிடுவான். இந்தப் பாடத்தை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு படித்தவனைக் கூட்டி வைத்து, 'உன்னுள்ளே உறங்கும் ஆற்றலைத் தட்டியெழுப்பு' என்று விரிவுரை செய்தால் அவன் என்ன செய்வான்? கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருப்பான். அறிவுள்ள மனிதன் வேறென்ன செய்ய முடியும்?

இந்த நிலையை அரசாங்கம் அறியாதது அன்று. 2014இல் 25ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, 180 நாட் சேவையை முடித்த தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்க வழிசெய்தது. நல்லது. அதோடு அந்த வகுப்பே ஒழிந்திருக்க வேண்டுமல்லவா? பத்தாண்டு கழித்து, 2024இல், உள்ளூராட்சி மன்றங்களில் மட்டும் 8,000க்கு மேற்பட்ட தற்காலிக ஊழியரை நிரந்தரமாக்கப் போவதாக மறுபடியும் அறிவிக்க வேண்டியதாயிற்று. வெட்ட வெட்டத் தளிர்க்கும் இந்த மரத்தின் வேர் எங்கே? மலிவான, வாய் திறவாத உழைப்பு எல்லோருக்கும் தேவைப்படுகிறது. தலைவருக்கு அது வாக்கு. திறைசேரிக்கு அது மிச்சம். ஓய்வூதியம் கொடுக்க வேண்டாம், சம்பள ஏற்றம் கொடுக்க வேண்டாம். இவ்விருவரும் சேர்ந்து வளர்க்கும் ஒரு வகுப்பைப் பார்த்து, உனக்கு ஊக்கம் போதாது என்று மூன்றாமவர் ஒருவர் வந்து சொல்கிறார்!

திறனைப் பற்றிய கதை இன்னும் வேடிக்கையானது.

அரசாங்கச் சேவையிலே திறனை அளப்பதற்கு வினைத்திறன் காண் தடைதாண்டற் பரீட்சை என்று ஒன்று உண்டு. பெயரைக் கவனியுங்கள். திறன் ஒரு தடை. ஊழியன் அதைத் தாண்ட வேண்டியவன். எழுதுவினைஞர் தாபன விதிக்கோவையையும் நிதிப் பிரமாணங்களையும் மனனஞ் செய்து அதைத் தாண்டுகிறார். தாண்டிய பின்பு ஒரு மூதாட்டியின் விண்ணப்பத்தை விரைவாக முடித்துக் கொடுக்கக் கற்றாரா என்பதைப் பரீட்சை கேட்பதில்லை. தொழிலாளியின் திறனுக்கோ அளவுகோலே கிடையாது. அவனைத் 'திறன் சாராதவன்' என்று சம்பளப் படிநிலை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. ஆனால் மாரிகாலத்துக்கு முன்பு எந்த மதகின் வாய் முதலில் அடைபடும், எந்த ஒழுங்கையில் நீர் எத்திசைக்குத் திரும்பும், எந்த வீட்டுக் கிணற்றின் கட்டு தாழ்ந்திருக்கிறது என்பவை அவனுக்குத்தான் தெரியும். வரைபடத்தில் அவை இல்லை. பத்தாண்டு வேலை செய்த அமையத் தொழிலாளி ஒருவனைத் தேர்தலுக்குப் பின் வீட்டுக்கு அனுப்பினால், அவனோடு அந்த ஒழுங்கைகளின் நீரோட்டமும் வீட்டுக்குப் போகிறது. அடுத்த மாரியில் வெள்ளம் நின்றால், சபைக்குத் திறன் இல்லை என்று எழுதுவார்கள்.

திறன் என்ற சொல்லை ஆளும் வர்க்கம் எவ்வாறெல்லாம் பயன்படுத்தும் என்பதற்குத் தமிழர் மறக்கவொண்ணாத சான்று ஒன்று உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன்பின், தமிழ் உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறாவிடின் சம்பள ஏற்றம் இல்லை என்று திறைசேரி சுற்றறிக்கை விடுத்தது. நேற்றுவரை திறமையாளர் என்று பெயரெடுத்த எழுதுவினைஞர் ஒரே சுற்றறிக்கையால் திறனற்றவர் ஆனார். செல்லையா கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞருக்கு 1962இல் உரிய சம்பள ஏற்றம் இதனால் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்கிடவே முடியாது என்று கூறிவிட்டது. 1969இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் அக்கூற்றைத் தள்ளி, வழக்கிடலாம் என்றது. மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற மூலக் கேள்வி மட்டும் தீர்க்கப்படாமலே கிடந்து, 1972இல் வந்த புதிய அரசியலமைப்பின் அடியிற் புதையுண்டது.

இதைப் பழைய புண்ணைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. அரசாங்கச் சேவையிலே ஊக்கம், திறன் என்ற இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிச் சம்பளத்தின் கழுத்தில் மாட்டிய முதற்பெரும் சோதனை நம் நாட்டில் அதுதான். விளைவு என்ன? நேர்மையும் அனுபவமும் உள்ள பலர் சேவையை விட்டு நீங்கினர். எஞ்சினோர் மனமுடைந்தனர். உற்பத்தித்திறன் எந்த மொழியிலும் வளரவில்லை. பிறமொழி கற்பதை நாம் எதிர்ப்பவர் அல்லர். 2007இலிருந்து சேவையிற் சேரும் அரசாங்க ஊழியர் இரண்டாம் அரச மொழியில் தேற வேண்டும் என்ற விதி இருக்கிறது; அது சிங்கள உத்தியோகத்தருக்கும் தமிழைக் கற்பிக்குமாயின் வரவேற்போம். ஆனால் திறன் என்று ஒன்றைக் கேட்பவர், அதைக் கற்பதற்கு நேரத்தையும் ஆசிரியரையும் கொடுத்தாரா என்பதே நம் கேள்வி.

இந்த ஊக்க வேதம் பிறந்த நாட்டுக்கே சென்று பார்ப்போம். அமெரிக்காவிலே பெத்லெகேம் உருக்காலையில் பிரெடரிக் டெயிலர் என்பவர் செய்த சோதனையை அவரே 1911இல் பெருமையோடு எழுதினார். நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் இரும்பு சுமந்த ஒரு தொழிலாளி, அவர் வகுத்த முறைப்படி நாற்பத்தேழரைத் தொன் சுமந்தான். கூலி 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 85 சதமாயிற்று. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது. இதற்குப் பெயர் விஞ்ஞான முகாமைத்துவம்! பின்பு, 1924 முதல் 1932 வரை, சிக்காகோவை அடுத்த ஹோதோர்ன் தொழிற்சாலையிலே வேறொரு சோதனை நடந்தது. தொழிலாளர்மீது அன்பும் கவனமும் காட்டினாலே உற்பத்தி பெருகும் என்பது அதன் முடிவாகப் பாடப் புத்தகங்களிலே போதிக்கப்படுகிறது. அச்சோதனை அறையிலிருந்த ஐந்து பெண்களுள், சொற்கேளாதவர் என்று கருதப்பட்ட இருவர் இடைநடுவே நீக்கப்பட்டு வேறிருவர் அமர்த்தப்பட்டனர் என்பதையும், கூலிமுறையே மாற்றப்பட்டிருந்தது என்பதையும் அதே புத்தகங்கள் மெல்லிய எழுத்தில் அச்சிட்டு விடுகின்றன.

முகாமைத்துவ அறிஞருள்ளும் உண்மையைக் கண்டோர் இல்லாமல் இல்லை. ஒருவன் செய்யும் வேலை அவனுடைய திறனையும் ஊக்கத்தையும் பெருக்கி வருவது என்று 1960களில் வாய்பாடு கூறினர். 1982இல் புளும்பேர்க், பிரிங்கிள் என்னும் இருவர், இவ்வாய்பாட்டில் மூன்றாவது ஒன்று விடுபட்டுவிட்டது என்று எழுதினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வாய்ப்பு. கருவி, பொருள், நேரம், அதிகாரம், உடன்வேலை செய்வோர், விதிகள் என ஊழியனுடைய கைக்கு வெளியே இருப்பவை எல்லாம் அதில் அடங்கும். பெருக்கற் கணக்கு என்பதை மறவாதீர்கள். மூன்றில் ஒன்று பூச்சியம் ஆனால் விடையும் பூச்சியமே. ஆறாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு நம் செயலமர்வு நடத்துவோருக்குத் தெரிவதில்லை.

இந்த மூன்றாவதைத்தான் நம் கந்தோர்களிலே காணவில்லை. அதற்குப் பதிலாக என்ன இருக்கிறது? சுவர்தோறும் யப்பானிய முறையின் ஐந்து 'எஸ்' பற்றிய பலகை இருக்கிறது. அலுமாரிகளுக்கு வர்ணம் பூசப்பட்டிருக்கிறது. வாசலிலே விரலடையாள இயந்திரம் இருக்கிறது. ஊழியன் வந்தான், போனான் என்பதை அது அறியும். இடையில் அவன் கையில் மண்வெட்டி இருந்ததா என்பதை அறியாது. ஆண்டுதோறும் ஜனவரி முதலாம் நாள் எழுந்து நின்று சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். உற்பத்தித்திறனுக்கென்று தேசிய விருதுகளும் உண்டு. பாடசாலைகளும் இவற்றிலிருந்து தப்பவில்லை. கரும்பலகை வெடித்துக் கிடக்க, தும்புத்தடி வைக்கும் மூலைக்குக் கோடு கீறிப் பெயரெழுதிய புண்ணியம் நம் தொழிலுக்கும் உண்டு.

தமிழ்ப் பயிற்சியாளரோ வள்ளுவரைத் துணைக்கழைக்கிறார். ஊக்கமுடைமை அதிகாரத்திலிருந்து ஒன்றிரண்டு குறளைத் திரையிலே காட்டிச் சுகாதாரத் தொழிலாளிக்கு உபதேசம் செய்கிறார். தமிழ் படித்தவர் என்ற முறையிலே நாம் இதைச் சொல்லியாக வேண்டும்: அந்த அதிகாரம் பொருட்பாலிலே, அரசியல் என்னும் இயலிலே இருக்கிறது. அது அரசனை நோக்கிச் சொன்னது. ஊழியரைப் பற்றி வள்ளுவர் பேசிய இடம் அதே இயலின் தெரிந்து வினையாடல். அங்கும் பொறுப்பு அரசனுடையதே: ஆளைத் தேர்ந்தறி, தேர்ந்தபின் வேலையை அவனிடமே விட்டுவிடு என்பதே அதன் சாரம். அரசனுக்குச் சொன்ன ஊக்கத்தைத் தோட்டிக்கும், அரசனுக்குச் சொன்ன பொறுப்பை ஒருவருக்கும் இல்லாமலும் ஆக்கியவர்கள் நாம் அறிந்த உரையாசிரியர் எவரும் அல்லர்.

அரசன் என்ற பேச்சு வந்துவிட்டது. ஆட்சியாளரின் ஊக்கம் எவ்வளவு என்று பார்ப்போமா? 2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. புதிய முறையினால் நாட்டின் உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து எண்ணாயிரத்தைத் தாண்டியது. குப்பை அள்ளுவோர் தொகையும் இவ்வாறு இரட்டித்தது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லை என்ற காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. நிறுத்தியது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. இடையிலே இரண்டு ஆண்டுக்கு மேல் சபைகள் உறுப்பினர் இல்லாமலே உத்தியோகத்தர் கையில் நடந்தன. மேலே மாகாண சபையோ, கிழக்கில் 2017 செப்டம்பரில் காலம் முடிந்தபின், 2025 முடியும் வரை தேர்தலையே காணவில்லை. ஆளுநர் ஆட்சி நடந்தது. பிரதேச சபை ஊழியரின் சம்பளத்திற் பெரும் பகுதி அந்த மாகாண சபையின் வழியாகவே மானியமாக வருகிறது. ஆள் எடுப்பதற்கும் அனுமதி மேலிருந்தே வர வேண்டும். அதாவது வெற்றிடத்தை நிரப்புவதற்கு, மக்களால் தெரிவு செய்யப்படாத ஒருவரிடம், மக்களால் தெரிவு செய்யப்படாத இன்னொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் 2022இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. அரசாங்க ஊழியர் நாட்டின் சுமை என்ற கூக்குரல் எழுந்தது. அந்த ஜூன் மாதத்திலே, வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருந்து தோட்டஞ் செய்யுங்கள் என்று விடுமுறை கொடுத்தனர். சம்பளமில்லா விடுப்பிலே வெளிநாடு செல்லுங்கள் என்று வழிதிறந்தனர். அவ்வாண்டுத் தொடக்கத்தில் 65 ஆக்கிய ஓய்வு வயதை ஆண்டு முடிவதற்குள் 60 ஆகக் குறைத்தனர். அனுபவமுள்ளோர் கூட்டங் கூட்டமாக வெளியேறினர். வேலை தெரிந்தவனை நீங்களே அனுப்பிவிட்டு, வேலை தெரிந்தவன் இல்லையே என்று நீங்களே புலம்பலாமா? 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரசாங்கச் சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக்கியது. அதுவும் 2027 ஜனவரி வரை தவணை முறையிலே. வரவேற்கிறோம், ஆனால் அரிசியும் தேங்காயும் தவணை முறையில் விலையேறவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

வாய்ப்பும் கருவியும் கொடாமற் பொறுப்பை மட்டும் கீழே தள்ளிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு, நம் ஊரிலிருந்து நகருக்குப் போகும் வழியிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டுவதற்காகப் பழையது மூடப்பட்டது. பாலம் நகர சபையின் வேலை அன்று. ஆனால் மக்கள் அக்கரைக்குப் போக வேண்டும்; பிள்ளைகள் பாடசாலைக்குப் போக வேண்டும். இழுவைப் படகு ஒன்றுக்கு அனுமதி கொடுக்கும் பாரம் உள்ளூர்ச் சபையின் தலையில் விழுந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் மாண்டனர். படகோட்டிகளும் நகர சபைத் தலைவரும் கைதாயினர். அனுமதி கொடுத்தவர் பொறுப்பற்றவர் அல்லர் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் ஒரு கலத்தின் பாரத்தையும் மிதப்பையும் சோதித்து ஒப்பமிடும் திறனுடைய உத்தியோகத்தர் ஒருவரை எந்த நகர சபைக்கு இந்த நாடு நியமித்துக் கொடுத்திருக்கிறது? மாற்று வழி அமையாமற் பாலத்தைக் கழற்றிய மேலிடத்தின் திறனை எந்த வினாக்கொத்து அளந்தது?

இனி ஊக்கத்துக்கு வருவோம். ஊக்கமே இல்லாத சனங்களா இவர்கள்? 2006இல் சம்பூர்ப் பகுதி மக்கள் யுத்தத்தினால் பெயர்ந்தபின், அவர்களிற் பலர் கிளிவெட்டியிலும் அயலூர்களிலும் தகரக் கொட்டில்களிலே ஆண்டுக் கணக்காக இருந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் தம் நிலங்களுக்குத் திரும்பத் தொடங்கினர். முகாம் என்றால் நீர் வேண்டும், மலகூடம் வேண்டும், குப்பை அகற்ற வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது; மாவிலாற்று அணைக்கரை உடைந்து கீழுள்ள ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் எந்த ஊரிலும் தொடங்குவது சேறு, செத்த மாடு, முறிந்த மரம், அடைந்த மதகு, நாறும் கிணறு ஆகியவற்றின் காலம். அந்த நாட்களிலே மணிக்கூடு பார்த்து வேலை செய்வோர் எவரும் இல்லை. சேற்றை அள்ளுபவனுடைய வீட்டுக்குள்ளும் அதே சேறுதான். வேலையின் பொருள் கண்ணுக்குத் தெரிகிறபோது, உடன்நின்று ஊரே தோள்கொடுக்கிறபோது, தடைசொல்லும் கையொப்பங்கள் சில நாட்களுக்கேனும் விலகி நிற்கிறபோது, ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய வேண்டியதில்லை. வெள்ளம் வற்றியதும் பழைய சுற்றறிக்கைகள் திரும்பி வருகின்றன. ஊக்கமும் வற்றுகிறது.

கடலுக்கு அப்பாலும் இதே வழக்குத்தான். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பாகத் தூய்மைப் பணியாளர் பதின்மூன்று நாள் இருந்து போராடினர், பெரும்பாலோர் பெண்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையை மாநகராட்சி தனியார் கம்பெனிக்குக் கொடுத்ததே காரணம். ஏறத்தாழ 23,000 ரூபா பெற்று வந்த தமக்கு இனிப் 17,000கூடக் கிட்டாது என்பது அவர்கள் முறையீடு. கொரோனா நாட்களிலே முன்களப் பணியாளர் என்று மாலையிட்டுக் கும்பிட்டது இவர்களைத்தான். நீதிமன்ற ஆணையைக் காட்டி நள்ளிரவிலே பொலீசார் அவர்களை வண்டியேற்றினர். மாலையும் கும்பிடும் ஊக்கம் என்றால், அதைப் போதிய அளவு பெற்றவர்கள் அவர்களே.

தகழியின் 'தோட்டியின் மகன்' நினைவுக்கு வருகிறது. 1947இல் மலையாளத்தில் வெளிவந்து, சுந்தர ராமசாமியின் தமிழில் 'சரஸ்வதி' இதழிலே தொடராக வந்த நாவல் அது. ஆலப்புழை நகரத்துத் தோட்டிக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. ஊக்கமும் திறனும் நிறைந்த உள்ளூராட்சி ஊழியன் ஒருவனைத் தமிழில் காண விரும்புவோர் அதைப் படிக்கலாம். அவற்றினால் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால், கந்தோரில் இருப்போர் எல்லோரும் மாசற்றவர் என்று நாம் நற்சான்றுப் பத்திரம் வழங்குவதாக எண்ண வேண்டாம். 'நாளைக்கு வாருங்கள்' என்ற இரண்டு சொற்களால் ஏழைகளின் நாட்கூலியைத் தின்னும் எழுதுவினைஞர் உண்டு. வடிகான் வெட்டிய கணக்கு இருக்கும், வடிகான் இராது. நிரந்தர ஊழியரின் தொழிற்சங்கங்கள் சம்பள ஏற்றத்துக்குக் கொடி பிடிக்கின்றன. தம் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் அமையத் தொழிலாளியைச் சங்கத்திற் சேர்க்கவும் கூச்சப்படுகின்றன. இது சிறிய குற்றம் அன்று. தமிழ்க் கட்சியும் முஸ்லிம் கட்சியும் சிங்களக் கட்சியும் மேடையிலே ஒன்றையொன்று ஏசிக்கொண்டாலும், தம் ஆட்களைத் தற்காலிக வேலைக்குள் நுழைக்கும் கலையில் ஒரே பள்ளியிற் படித்தவை. ஆதன வரியை ஆண்டுக் கணக்கில் கட்டாத மாடிவீட்டார் தம் வாசற் குப்பை ஒரு நாள் கிடந்தால் முதலில் குரல் எழுப்புகிறார்கள். சாதியின் பங்கையும் மூடி மறைக்கலாகாது. தோட்டி வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, நகர சபைகளின் லயன்களிலே அடைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே லயன்களில் இருக்கிறார்கள். பிறப்பினாலேயே ஒரு வேலைக்குக் குறிக்கப்பட்டவனுடைய 'தொழில் ஊக்க'த்தை எந்த எண்ணுக்கு வட்டமிட்டு அளப்பது?

ஆகையால் நாம் கேட்பவை பெரிய தத்துவங்கள் அல்ல. அமைய ஊழியரை நிரந்தரமாக்குங்கள்; இனி அந்த வாசலை மூடிப் பகிரங்கப் போட்டியால் ஆள் எடுங்கள். சப்பாத்து, கையுறை, மண்வெட்டி, ஓடக்கூடிய உழவு இயந்திரம் ஆகியவற்றைக் கொடுங்கள். பயிற்சியைச் சம்பள நேரத்திலே, ஊழியனுடைய மொழியிலே, அவன் கையாளும் கருவியை வைத்தே நடத்துங்கள். மதகுகளைப் பற்றித் திட்டமிடும் மேசையில் மதகில் இறங்குபவனுக்கும் ஒரு கதிரை போடுங்கள். இவற்றைச் செய்து ஐந்து ஆண்டு பார்த்த பின்பும் அவன் மரநிழலில் குந்தியிருந்தால், அப்போது நாமும் வந்து ஊக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆசிரியரும் மாணவரும் இதிலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளையும் கட்டுப்படுத்தும். விண்ணப்பம் ஒரு பக்கத்திற்கு மேற்போகாது. சபையின் தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவராகச் சேர்ந்து எழுதலாம். சபையில் 180 நாளைக் கடந்த தற்காலிகத் தொழிலாளர் எத்தனை பேர்? ஆகக் கூடிய காலம் தற்காலிகமாய் இருப்பவர் எத்தனை ஆண்டாக இருக்கிறார்? அங்கீகரிக்கப்பட்ட பதவிகளில் எத்தனை வெற்றிடம்? சுகாதாரத் தொழிலாளருக்குக் கடைசியாகச் சப்பாத்து வழங்கிய திகதி எது? சென்ற ஆண்டிலே பயிற்சிச் செயலமர்வுகளுக்குச் செலவான தொகை எவ்வளவு, மண்வெட்டிகளுக்குச் செலவான தொகை எவ்வளவு?